கிணற்றடிக் கல்லுக்கும் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் உயர்தர உயிரியல், கணிதப் பிரிவுகளுக்குப் படிப்பிக்கிற உங்களுக்கும், அதே பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் ரியூசன் எடுக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெறுபேறு வந்து, இசட் புள்ளியும் கையில் கிடைத்து, பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை நிரப்புகிற அந்தச் சில கிழமைகளில் பிள்ளை முதலில் வீட்டில்தான் கேட்கும். வீட்டில் பெரும்பாலும் ஒரே பதில்: "எங்களுக்கு உது விளங்காது, சேரிட்டக் கேள்." அப்படியே கேள்வி உங்கள் மேசைக்கு வந்துவிடும். அங்கே நீங்கள் சொல்லும் ஒரு வசனம் அந்தப் பிள்ளையின் நாலு வருடப் படிப்பையும் அதற்குப் பிறகுள்ள சீவியத்தையும் தீர்மானித்துவிடுகிறது. அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் என் கவலை.

நான் புத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். பேராதனையில் புவிச்சரிதவியல், அதாவது கல்லையும் நிலத்தின் அடியையும் ஆராய்கிற விஞ்ஞானம், படித்தேன். இப்போது நிலத்தடி நீர் தொடர்பான வேலை செய்கிறேன். அப்படி ஒரு பாடம் இருப்பதே பேராதனையில் படித்த பெரியம்மாவின் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணா ஒருமுறை லீவில் வந்தபோது ஒரு கருங்கல் துண்டைக் கொண்டு வந்தான். அதில் சிவப்புப் பொட்டுகள் மாதிரிச் சின்னச் சின்னக் கார்நெட் மணிகள். அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து எனக்கு வேறு படிப்பில் மனம் போகவில்லை. அடுத்த கிழமை என் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "கல்லுப் பொறுக்கிறதுக்கு ஏன் பிள்ளை கம்பஸ் போகவேணும்?" வகுப்பு முழுக்கச் சிரித்தது.

அவரில் எனக்குக் கோபம் இல்லை. இரசாயனத்தை எனக்கு விளங்க வைத்தவரே அவர்தான். இன்றைக்கும் அவர் சொல்லித் தந்த சமநிலைச் சமன்பாடுகளை வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன். புவிச்சரிதவியல் என்றால் என்ன என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அப்பாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. என்னைப் போல அடம்பிடிக்காத பிள்ளைகள் எத்தனை பேர் அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குப் புவியியல் என்றால் கலைப் பிரிவில் படிக்கிற பாடம். புவிச்சரிதவியல் என்றதும் "சரிதம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதுவும் வரலாற்றுப் பாடம்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இதையே நிலவியல் என்கிறார்கள். எனக்குச் "சரிதம்" பிடிக்கும். ஒரு கல் எங்கே பிறந்தது, எந்தக் கடலுக்குள் கிடந்தது, எவ்வளவு சூடு பட்டது, எப்போது மேலே வந்தது என்று அதன் கதையைக் கேட்பதுதான் இந்தப் படிப்பு. ஆனால் அந்தக் கதையைக் கேட்பதற்கு பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கணிதமும் வேண்டும். நீங்கள் நாளாந்தம் கரும்பலகையில் எழுதுகிற அதே பாடங்கள்தான்.

எங்கள் வீட்டுக் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புவின் காலத்தில் மேலே செம்மண்ணை வெட்டி எடுத்து, கீழே கல்லுக்கு வெடி வைத்து, அலவாங்கால் கிளப்பிக் கட்டிய தோட்டக் கிணறு. சின்ன வயதில் கோடையில் தண்ணீர் இறங்கும்போது படியில் குந்தியிருந்து சுவரைப் பார்ப்பேன். கல்லுக்குள் சிப்பி. கல்லுக்குள் சோகி மாதிரி ஒன்று. "கடல் இவ்வளவு தூரம் கிடக்க, இது எப்பிடி அப்பா இங்க வந்தது?" என்று கேட்டால், "ஆரும் திண்டுபோட்டு எறிஞ்சிருப்பினம்" என்பார் அப்பா. கல்லுக்கு உள்ளே எப்படி எறிவது என்று எனக்கு விளங்கவில்லை. பத்து வருடம் கழித்துப் பேராதனையில் அதற்குப் பதில் கிடைத்தது. எங்கள் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் காலம் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் வருடங்களுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் வருடங்களுக்கு முன் முடிந்தது. அப்போது இங்கே ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். அதில் வாழ்ந்த சிப்பிகளும் பவளங்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் அடியில் படிந்து இறுகித்தான் நாங்கள் வெடி வைத்த அந்தக் கல் உண்டானது.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் வேறு கதை. அது கோடானுகோடி வருடம் பழைய உருமாறிய பாறை. இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றாக ஒட்டிக் கிடந்த கொண்டுவானா நிலத்தில், பூமியின் ஆழத்தில் வெந்து நெரிந்து உருவான கல். கண்டியில் அதன் மேல்தான் நாங்கள் நடந்து திரிந்தோம். முதல் வருடக் களப்பயணத்தில் ஒரு பளிங்குக் கல் அகழ்விடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் கல்லில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். எங்கள் ஊர்ச் சுண்ணக்கல்லில் விட்டால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரிப் பொங்கும். இந்தக் கல் பேசாமல் கிடந்தது. விரிவுரையாளர் என் பேனாக்கத்தியை வாங்கிக் கல்லைச் சுரண்டினார். சுரண்டி விழுந்த வெள்ளைத் தூளில் இன்னொரு சொட்டு விட்டார். மெதுவாகக் குமிழி எழும்பியது. "கல்சைற் என்றால் உடனே பொங்கும். இது டொலமைற், தூளாக்கினால்தான் வாய் திறக்கும்" என்றார். உங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கிற அதே அமிலம்தான், சேர். மேற்பரப்பு கூடினால் தாக்கவீதம் கூடும் என்று நீங்கள் படிப்பித்ததைத்தான் அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு நுணுக்குக்காட்டி. கல்லை வைர வாளால் அறுத்து, கண்ணாடித் தட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீற்றர் தடிப்பு வரும்வரை தேய்ப்பார்கள். அந்தத் தடிப்பில் கருங்கல்லுக்குள்ளாலும் வெளிச்சம் போகும். முனைவாக்கிய ஒளியில் தட்டைச் சுழற்றச் சுழற்ற குவார்ட்ஸ் வெள்ளையிலிருந்து சாம்பலாகி அணைந்து மறுபடி எழும்பும். சில கனியங்கள் மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையும் காட்டும். கார்நெட் மட்டும் எப்படிச் சுழற்றினாலும் கறுப்பாகவே நிற்கும், ஏனென்றால் அதன் பளிங்கு எல்லாத் திசையிலும் ஒளிக்கு ஒரே மாதிரி. அண்ணா கொண்டு வந்த கல்லின் அந்தச் சிவப்புப் பொட்டு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று அறிந்த அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

மற்றப் பாடங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கனியங்களை அடையாளம் காண்பது, தீப்பாறை, அடையற் பாறை, உருமாறிய பாறை, உயிர்ச்சுவடுகள், பாறை மடிப்பும் பிளவும், புவிப் பௌதிகம், புவி இரசாயனம், நிலத்தடி நீர், செய்மதிப் படங்களை வாசிப்பது, வரைபடம் கீறுவது. விசேட பட்டம் என்றால் நாலு வருடம், கடைசி வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு. மொழிமூலம் ஆங்கிலம். முதல் ஆறு மாதம் எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பழகிவிட்டது. வரைபடம் கீறும் பாடத்தில் ஒரு கணிதப் பிரிவுப் பெடியன் எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் செய்தான். சாய்ந்து கிடக்கும் பாறைப் படையின் உண்மையான தடிப்பைக் காண மேற்பரப்பு அகலத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். உயிரியல் பிரிவில் போன நான் திரிகோண கணிதத்தைத் திரும்ப முதலிலிருந்து படித்தேன்.

இதையெல்லாம் ஏன் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களிடம் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், நாட்டில் வேறெந்த ஊரையும் விட எங்களுக்குத்தான் இந்தப் படிப்பு அவசரமாக வேண்டும். எங்களிடம் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். குடிப்பதும் இறைப்பதும் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் ஒரு வில்லை மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது, அடியில் கடல் நீர். மழை நீர் மண்ணுக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கல்லைக் கரைத்து, வெடிப்புகளைக் குகைகளாக்கி வைத்திருக்கிறது. அந்தக் குகை ஒன்றின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் நிலாவரை. இராமர் அம்பு விட்ட இடம் என்று அம்மம்மா சொல்லுவா. அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்றும் சொல்லுவா. எலுமிச்சம்பழத்துக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் நிலத்துக்குக் கீழே தண்ணீருக்கு வழிகள் இருக்கின்றன, அது ஓரிடத்தில் இறங்கி இன்னோரிடத்தில் கடலோரம் வெளியே வருகிறது என்பதை எங்கள் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். அம்மம்மாவின் கதைக்குள் அந்த அவதானிப்பு இருக்கிறது.

நிலாவரையில் மேல் தண்ணீர் நன்னீர், ஆழத்தில் உவர். ஏன் என்று பௌதிக வகுப்பில் ஒரு பாடவேளையில் சொல்லிவிடலாம். நன்னீரின் அடர்த்தியை 1.000 என்றும் கடல் நீரின் அடர்த்தியை 1.025 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அமுக்கத்தில் சமப்பட வேண்டுமென்றால், கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். நல்ல செய்தி மாதிரித் தெரியும். இதைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் 40 அடி எழும்பும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு களைக்க முதல் மனிசன் களைத்துவிடுவான். இப்போது மிசின் களைப்பதில்லை. வலிகாமத்தில் புகையிலையும் வெங்காயமும் வைக்கிற ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பேருக்குத் தெரியும்?

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வடமராட்சியில் ஒரு தோட்டக்காரர் ஆழமாகக் குழாய்க் கிணறு அடிக்கப் போகிறேன் என்றார். நாங்கள் மின்தடைத்திறன் அளவைக்குப் போனோம். நாலு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் மண்ணில் அடித்து, வெளிக் கம்பிகள் இரண்டுக்கும் மின்னைக் கொடுத்து, உள்கம்பிகள் இரண்டுக்கும் இடையில் அழுத்த வித்தியாசத்தை அளப்பது. கம்பிகளை அகல அகல நகர்த்தினால் மின் ஆழ ஆழப் போகும். அவர் என் பக்கத்திலேயே குந்தியிருந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூறுக்கு மேல் நின்ற எண் ஐம்பதாகி, இருபதாகி, பிறகு ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தது. "என்ன பிள்ளை, திடீரெண்டு குறையுது?" "ஐயா, உப்புத் தண்ணி மின்னை லேசாக் கடத்தும். அந்த ஆழத்தில சவர்தான் கிடக்கு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தேங்காய் வைச்சுப் பார்த்தவர் இந்த மூலையில நல்ல தண்ணி எண்டவர்." "தண்ணி இருக்கு ஐயா, அவர் சொன்னது பிழையில்லை. மேல இருக்கு. ஆழமா ஓட்டை போட்டா அதையும் கெடுத்துப்போடுவம்." அவர் குழாய்க் கிணற்றை விட்டுவிட்டு, பழைய கிணற்றை அகட்டி, சொட்டு நீர்ப் பாசனத்துக்கு மாறினார். ஓமின் விதி தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைப் பழகலாம்.

சவர் மட்டும் இல்லை. மணலுக்குள்ளால் போகிற தண்ணீர் வடிபட்டுப் போகும். எங்கள் கல்லுக்குள் இருக்கிற வெடிப்புகளுக்குள்ளால் அது வாய்க்காலில் ஓடுகிற மாதிரி ஓடும். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும், மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அதோடு சேர்ந்து போய் நைத்திரேற்றாகக் கிணற்றில் நிற்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போத்தலில் பால் குடிக்கும் சிறு குழந்தைகளுக்கு அது கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். எத்தனை தாய்மார் நல்லது என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விடுகிறார்கள்.

சுன்னாகத்தை உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்த அந்த நாட்களில், 2014, 2015இல், ஒரு தரப்பு எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொரு தரப்பு ஆபத்தில்லை என்றது. சனம் வாளியும் கையுமாக நின்றது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அந்த இடைப்பட்ட வருடங்களில் எங்கள் ஊர்களில் கூட்டங்கள் நடந்தபோது, "இந்தக் கல்லுக்குள்ளால் எண்ணெய் எந்தத் திசைக்கு, எவ்வளவு வேகமாகப் போகும்?" என்று கேட்டால் எழும்பி நின்று தமிழில் பதில் சொல்ல எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? நான் போன இரண்டு கூட்டங்களில் கேள்வி கேட்கிறவர்கள் ஒரு பக்கம் இருந்தார்கள். பதில் தெரிந்தவர்கள் வெளியிலிருந்து வந்து, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் "சவர் தட்டுது", "ஊத்துக்கண் அடைபட்டுப் போச்சு" என்று ஒரு கமக்காரர் சொல்லும்போது அதில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று மொழிபெயர்ப்புக்குள்ளால் தெரியாது.

கல்லையும் சொல்ல வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தால் நிற்கும்வரை எங்கள் சுண்ணக்கல்லில்தான் ஓடியது. அதற்காக அகழ்ந்த கிடங்குகள் இன்றைக்கும் கிடக்கின்றன. மக்கி என்றும் கல்லென்றும் லொறிகளில் ஏறிப் போவது அந்த ஆலையோடு நின்றுவிடவும் இல்லை. சுண்ணக்கல்தான் எங்கள் தண்ணீர்த் தாங்கி. தாங்கியை எவ்வளவு உடைக்கலாம், எந்த இடத்தில் தொடவே கூடாது என்று சொல்வதற்குப் படித்த ஆள் வேண்டும். கிழக்கே போனால் அம்பன், நாகர்கோவில் பக்கம் வெள்ளைச் சிலிக்கா மணல். தெற்கே புல்மோட்டையில் இல்மனைற், சேர்க்கன் என்ற கனியங்கள் கலந்த கறுப்பு மணல். மன்னார்க் கடலுக்கடியில் 2011இல் எரிவாயு கண்டார்கள். இதெல்லாம் எங்கள் வாசலில் கிடக்கிறது. தோண்டச் சொல்பவருக்கும் தோண்டாதே என்பவருக்கும், இரண்டு பக்கமும் புவிச்சரிதவியலாளர் தேவை. உணர்ச்சியோடு மட்டும் போய் நின்று வென்ற போராட்டங்களை விட, அறிக்கையை வாசித்து அதன் பிழையைக் காட்டி வெல்கிற போராட்டம் நீடிக்கும் என்று நான் நம்புகிறேன்.

மலையகத்தையும் நினைக்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை லயனில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் விளங்கும் மொழியில், நம்பும்படியாகப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. மண்சரிவு ஆய்வில் தமிழ் பேசும் புவிச்சரிதவியலாளர் இருப்பது வேலைவாய்ப்புக் கணக்கில் அடங்காத விடயம்.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பெற்றோர் உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம். வைத்தியர் மாதிரிப் படித்து முடித்த கையோடு நியமனம் வராது. அரசாங்க வெற்றிடங்கள் குறைவு, சில வருடம் வராமலே போகும். நானும் ஒன்றரை வருடம் தற்காலிக வேலைகளில் இருந்தேன். ஆனால் இடங்கள் இருக்கின்றன. புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம், நீர்வளச் சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், சுரங்கங்கள், இரத்தினக்கல், சீமெந்துத் தொழில், அணை, சுரங்கப்பாதை, பாலம் கட்டும் நிறுவனங்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. உமா ஓயாத் திட்டத்தில் சுரங்கப்பாதைக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்ததை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு பாறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் தோண்டத் தொடங்க யாருக்கும் துணிவு வரக் கூடாது. வெளிநாட்டுப் பட்டமேற்படிப்புக்கும் இந்தப் பாடத்தில் வழி உண்டு. என் வகுப்பில் படித்தவர்களில் இரண்டு பேர் அவுஸ்திரேலியாவில் சுரங்கங்களில் இருக்கிறார்கள்.

பொம்பிளைப் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றும் கேட்பார்கள்: "காடு மலையெல்லாம் திரிய விடுறதோ?" என் அப்பாவும் கேட்டார். களப்பயணத்துக்குக் கூட்டமாகத்தான் போவோம், விரிவுரையாளர்கள் கூட வருவார்கள், தங்குமிடம் ஒழுங்கு செய்திருப்பார்கள். அட்டை கடிக்கும், வெயில் கொளுத்தும், சப்பாத்து அறுந்துபோகும். அதுக்கு மேலே எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருட முடிவில் அப்பா கண்டிக்கு என்னைப் பார்க்க வந்தபோது என் சுத்தியலைக் கையில் எடுத்து நிறை பார்த்தார். "நல்ல இரும்பு" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஆனந்த குமாரசுவாமியைக் காட்டுங்கள். கலையைப் பற்றி எழுதியவராகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் இலண்டனில் படித்தது தாவரவியலும் புவிச்சரிதவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைக்குப் பணிப்பாளராக இருந்து நாடு முழுக்க நடந்து கல் பார்த்தவர். தோரியம் நிறைந்த தோரியனைற் என்ற கனியம் 1904இல் உலகத்துக்கு அறிமுகமானதே அவர் இங்கே கண்டெடுத்த மாதிரிகளால்தான். கல்லைத் தேடி ஊர் ஊராகத் திரிந்தபோதுதான் கைவினைஞர்களின் வேலையையும் அவர் அருகில் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகம். ஆனால் களத்தில் நடந்து பழகிய கண் எதையும் உற்றுப் பார்க்கும் என்பது எனக்கு அனுபவம்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் இந்தப் படிப்பின் பெயரை ஒருமுறை வகுப்பில் சொல்லுங்கள். நான் போன காலத்தில் பேராதனை விஞ்ஞான பீடத்துக்குள் போன பிறகுதான் புவிச்சரிதவியலைப் பாடமாகத் தெரிவு செய்ய முடிந்தது. அனுமதிக் கைநூலை மேலோட்டமாகப் பார்க்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மொறட்டுவையில் புவி வளப் பொறியியல் துறை இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸவில் கனிய வளங்களும் தொழினுட்பமும் என்று ஒரு பட்டம் இருக்கிறது. தகைமைகளும் பாடச் சேர்க்கைகளும் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த வருடக் கைநூலைப் பிள்ளையோடு இருந்து பாருங்கள்.

எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் இதற்கென்று ஒரு துறை இன்னும் இல்லை. 1974இல் தொடங்கிய வளாகம். சுண்ணக்கல்லின் மேல் அரை நூற்றாண்டாக நிற்கிறது. அதைப் பற்றி வேறு இடத்தில், வேறு ஆட்களுக்கு எழுதுவேன். ஆனால் படிக்க விரும்பிக் கேட்கிற பிள்ளைகள் இருந்தால்தான் துறை கேட்பவர்களின் குரலுக்கும் பலம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

இன்னொரு வேண்டுகோள். இரசாயனத்தில் காபனேற்றுக்கான பரிசோதனையைச் செய்யும்போது போத்தலில் வந்த வெள்ளைத் தூளை வைத்துச் செய்யாதீர்கள். மதிலோரத்தில் கிடக்கிற கல்லை வைத்துச் செய்யுங்கள். சுற்றுலா போகும்போது கீரிமலைக்குக் குளிக்க மட்டும் போகாமல், கேணிக்கு வருகிற தண்ணீரைக் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்தில் கடலையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இது எங்கேயிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

"கல்லுப் பொறுக்கிற படிப்பு" என்று மட்டும் தயவு செய்து சொல்லாதீர்கள்.

எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும், எந்த ரியூட்டரி கூப்பிட்டாலும், சனிக்கிழமைகளில் வருகிறேன். காசு வேண்டாம், ஒன்றரை மணித்தியாலம் போதும். சுத்தியல், பத்து மடங்கு பெருப்பிக்கிற கைவில்லை, சொட்டுப் போத்தலில் அமிலம், நான் சேர்த்து வைத்திருக்கும் பெட்டியிலிருந்து இருபது கல், எல்லாவற்றையும் நான் கொண்டு வருவேன். பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்து ஒரு கல் எடுத்து வந்தால் சரி.

அன்புடன்,
புத்தூரிலிருந்து உங்கள் பழைய மாணவி ஒருத்தி